கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள்: தோற்றமும் வளர்ச்சியும்

ஈழத்து முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடற்கரையில் தொடங்கிக் கடற்கரையிலேயே அதனை முடித்துவிடுகின்றனர். பேருவளை, கொழும்பு, காலி, புத்தளம் முதலிய துறைமுகப் பட்டினங்களும் அங்கு வந்திறங்கிய அராபிய வணிகருமே அவ்வரலாற்றின் பொருளாகிவிடுகின்றனர். கண்டி நகரைச் சூழ்ந்த மலைப் பிரதேசத்திலோ கடலுமில்லை, கப்பலுமில்லை. ஆயினும் அக்குறணை, கல்ஹின்னை, மடவளை, உடத்தலவின்னை, கம்பளை, வெலம்பொட, தெல்தோட்டை எனப் பல ஊர்களிலே பல தலைமுறைகளாக நிலைத்து வாழ்ந்துவரும் முஸ்லிம் சமுதாயம் ஒன்று இங்கே உண்டு. கடலோடிகளின் வழித்தோன்றல்கள் எனக் கூறப்படுவோர் மலையுச்சிக்கு வந்தது எவ்வாறு? வந்தோர் அங்கு நிலைத்தது எதனால்? இவ்விரு வினாக்களுள் முதலாவதற்கு மரபுக் கதைகள் பல விடை கூறுகின்றன. இரண்டாவதற்கு விடை காண வேண்டுமாயின் உப்பையும் பாக்கையும் பொதிமாட்டையும் பற்றிப் பேசியாக வேண்டும்.

கி.பி. 622 இல் மதீனாவில் உருப்பெற்ற இஸ்லாமிய சமுதாயம் ஒரு நூற்றாண்டு நிறைவுறுமுன்னரே சிந்து நதிவரை பரவிவிட்டது. அப்பரவலோடு இலங்கையின் பெயரும் தொடர்புறுவது கவனிக்கத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான அல் பலாதுரி கூறுவதன்படி, இலங்கையில் இறந்துபோன முஸ்லிம் வணிகரின் பெண்மக்களை இத்தீவின் மன்னன் ஈராக்கின் ஆளுநரான ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பிவைத்தான். தேபல் துறைக்கு அண்மையிற் கடற்கொள்ளையர் அக்கப்பலைக் கைப்பற்றினர். அதனைக் காரணமாகக் கொண்டே முகம்மது பின் காசிமின் சிந்துப் படையெடுப்பு நிகழ்ந்தது. படையெடுப்பின் உண்மைக் காரணங்கள் வேறாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடும்பத்தோடு இத்தீவில் வாழ்ந்து மடிந்த முஸ்லிம் வணிகர் இருந்தனர் என்னும் நினைவு பக்தாதில் நிலவியது என்பதற்கு இக்குறிப்புப் போதிய சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் பதிவுசெய்த மரபுச் செய்தி இன்னுமொரு விவரம் தருகின்றது. கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஹாஷிம் குலத்தார் சிலர் இலங்கையின் எட்டு இடங்களிற் குடியேறினர் என்பது அச்செய்தி. திருகோணமலை, யாழ்ப்பாணம், மாந்தை, குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி என்பன அவ்விடங்களாம். எட்டும் கரையோரம் சார்ந்தவை. மலைநாடு அப்பட்டியலில் இல்லை. மரபும்கூட மலைநாட்டுக் குடியேற்றத்தைப் பிற்காலத்ததாகவே கருதியது என்பது இதனாற் புலனாகின்றது.

ஆயின் மலைநாட்டுக்கு முஸ்லிம்களை முதலில் ஈர்த்தது வணிகமன்று. பாவா ஆதம் மலையே. சிவனொளிபாதமென்றும் ஸ்ரீபாதமென்றும் வழங்கும் அம்மலையின் உச்சியிலுள்ள சுவட்டை ஆதிபிதா ஆதமின் பாதச்சுவடெனக் கொண்டு பாரசீகத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் யாத்திரிகர் வந்தனர். 1344 இல் புத்தளத்தில் வந்திறங்கிய இபுனு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு அம்மலைக்குச் சென்றமை யாவரும் அறிந்ததே. அவர் தரும் குறிப்புகளுள் இரண்டு ஈண்டு விரித்து நோக்கத்தக்கவை.

முதலாவது, பத்தாம் நூற்றாண்டிலே மறைந்த ஷீராஸ் நகர ஞானியான இபுனு கபீஃப் பற்றியது. அவர் வந்துபோவதற்கு முன்னர் இந்நாட்டு மக்கள் முஸ்லிம் யாத்திரிகரைத் தடுத்தனர் என்றும், அதன் பின்னரே அவர்களை மதித்துத் தம் இல்லங்களில் தங்கவைத்து, மனைவி மக்களிடையேயும் ஐயமின்றிப் பழகவிட்டனர் என்றும் பதூதா எழுதுகின்றார். இரண்டாவது, 'குனகார்' என அவர் குறிப்பிடும் தலைநகருக்கு வெளியே பள்ளிவாசல் ஒன்றில் வாழ்ந்த ஷெய்கு உதுமான் பற்றியது. அந்நகரைக் குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் உளர். பசுவைக் கொன்றவனைக் கொல்லுதல் அந்நாட்டு வழக்கு. ஷெய்கு உதுமான் பசு ஒன்றை அறுத்தார். அவர்மீது கொண்ட மதிப்பினால் மன்னன் அவர் உயிரை விட்டுவைத்து, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டுவித்ததோடு அமைந்தான். பின்னர் சந்தை ஒன்றின் வருவாயை அவருக்கு மானியமாகவும் அளித்தான். பௌத்த மன்னரின் சமயப் பொறைக்கு இபுனு பதூதாவை மேற்கோள் காட்டுவோர் முதற் குறிப்பை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே உண்மை நிலை விளங்கும். வெட்டப்பட்ட கையும் வழங்கப்பட்ட சந்தை வருவாயும் ஒரே அரசனின் ஒரே தீர்ப்பின் இரு பகுதிகளாகும். நாட்டு வழக்குக்கு அடங்கி நடக்கும்வரை மதிப்பும் மானியமும் உண்டு என்பதே அதன் பொருள்.

இவ்யாத்திரிகர் வழியே மலைநாட்டில் முஸ்லிம்களின் பெயர் பரவியதாயினும் ஒரு சமுதாயம் உருவாதற்கு அது போதியதன்று. அதற்கான சூழல் போர்த்துக்கேயரின் வருகையோடுதான் பிறந்தது. 1505 இல் வந்த போர்த்துக்கேயர் இந்து சமுத்திர வணிகத்திலே தமக்குப் போட்டியாளராயிருந்த முஸ்லிம்களை மதப்பகையோடும் வணிகப்பகையோடும் நோக்கினர். இப்பகை 1626 இல் உச்சநிலை அடைந்தது. அவ்வாண்டில் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தன் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற ஆணையிட்டான். அவ்வாறு துரத்தப்பட்டோருள் நாலாயிரவரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது குவேறோஸ் பாதிரியாரின் கூற்று. இலங்கையில் அடிவைத்தறியாத அவர் கோவாவிலிருந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர் எழுதியவராதலின், நாலாயிரம் என்ற தொகையை எழுத்துக்கெழுத்து நம்புதல் இயலாது. எனினும் பகைவனாகிய போர்த்துக்கேயர் பக்கத்திலிருந்தே வந்த சான்றாகையால் நிகழ்ச்சியை மறுப்பதற்கில்லை.

செனரத் செய்தது இரக்கத்தாற் செய்த உதவி மட்டுமன்று. கடலறிவும் அயல்நாட்டுத் தொடர்பும் வணிகத் திறனும் வாய்ந்த ஒரு மக்கட்கூட்டத்தை எதிரி வெளியே தள்ளியபோது அதனை ஏந்திக்கொண்ட அரசதந்திரமாகவும் அது அமைந்தது. செனரத்துக்குப் பின் அரசேறிய இரண்டாம் இராசசிங்கனும் (1635-1687) இக்கொள்கையையே பின்பற்றினான். அக்குறணையின் தோற்றம் பற்றிய மரபும் இம்மன்னனோடே தொடர்புபடுத்தப்படுகின்றது. அராபியர் மூவர் கண்டிக்கு வந்து, சிங்களப் பெண்களை மணந்து, மன்னன் அளித்த நிலத்திற் குடியமர்ந்தனர் என்பது அவ்வூரார் கூறும் வரலாறு. பங்கரகம்மனைக் கதையும் இத்தகையதே. பகைவரிடமிருந்து தப்பியோடிய மன்னன் மரப்பொந்தொன்றில் ஒளிந்திருந்தான் என்றும், அவனைக் காட்டிக்கொடுக்க மறுத்த முஸ்லிம் பெண்ணொருத்தி கொலையுண்டாள் என்றும், 'என்னைக் காத்த இரத்தம்' எனப் பொருள்படுமாறு மன்னன் சிங்களத்திற் கூறிய 'மா ரெக லே' என்ற தொடரே 'மரக்கல' என முஸ்லிம்களைக் குறிக்கும் பெயராயிற்று என்றும் அக்கதை கூறும். மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லை அறிந்தவருக்கு இச்சொல்லாராய்ச்சி நகைப்பையே தரும். ஆயினும் கதையை ஒதுக்கிவிடுதல் சரியன்று. ஒரு சமுதாயம் தன் இருப்புக்கான உரிமையைக் கப்பலிலிருந்தன்றி, மன்னனுக்காகச் சிந்திய இரத்தத்திலிருந்து பெற்றதாகக் கூறிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அக்கதையே சான்று.

இரண்டாம் இராசசிங்கன் காலத்துக் கண்டியை உள்ளிருந்து கண்டவர் றொபேட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை கைதியாக இங்கு வாழ்ந்த அவ்வாங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட நூலிலே கண்டி நகரிலிருந்த முஸ்லிம்களின் வணக்கத்தலம் ஒன்றைக் குறிப்பிடுகின்றார். காணியுடைய ஒவ்வொரு குடும்பமும் அத்தலத்துக்கு ஒரு பணம் செலுத்த வேண்டும் என்பது முன்னைய மன்னரின் கட்டளையாம். சோனகர் வீடுவீடாகச் சென்று அதனைத் தண்டினர். கதவு பூட்டியிருப்பின் அதனை உடைத்து உட்சென்று அப்பெறுமதிக்கு ஏற்ற பொருளை எடுத்துச்செல்லவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. 'பொன்னம்' என நொக்ஸ் எழுதிவைத்திருப்பது நம்முடைய பணமே. ஒரே ஒரு பகுதி மட்டும் இவ்வரியிலிருந்து தப்பியது. தொலொஸ்பாகை மக்கள் முதன்முறை தண்ட வந்தவர்களை அடித்துத் துரத்திவிட்டார்களாம். அதன் பின்னர் யாரும் அங்கே கேட்கச் செல்லவில்லை.

இக்குறிப்பு பல வகையில் அரியது. பௌத்த மன்னன் ஒருவன் தன் பௌத்தக் குடிகளிடமிருந்து முஸ்லிம் தலமொன்றுக்கு வரி பெற உரிமையளித்தான் என்பது பிறநாட்டு வரலாறுகளில் எளிதிற் காணத்தகாத செய்தி. அவ்வுரிமை எல்லோராலும் மனமுவந்து ஏற்கப்படவில்லை என்பதையும் தொலொஸ்பாகை காட்டிவிடுகின்றது. மன்னனின் ஆணைக்கும் ஊராரின் மனத்துக்கும் இடையே இருந்த அந்த இடைவெளி பிற்கால நிகழ்ச்சிகளை நோக்கும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, நிலைபேற்றின் காரணங்களுக்கு வருவோம். கண்டி இராச்சியம் நெல்லும் பாக்கும் மிளகும் விளையும் நாடு. உப்பு அங்கே விளைவதில்லை. கருவாடும் புடவையும் வெளியிலிருந்தே வரவேண்டும். கொட்டியாரம், மட்டக்களப்பு, புத்தளம் ஆகிய துறைகள் கண்டியின் கையிலிருந்த காலத்திலும் அங்கிருந்து மலைநாட்டுக்குப் பொருள் ஏற்றிவரும் பாதைகள் காடும் மேடும் நிறைந்தவை. வண்டி செல்லத்தக்க வீதிகளை மன்னர்கள் வேண்டுமென்றே அமைக்கவில்லை. வண்டி வரும் வழியில் பீரங்கியும் வருமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே போக்குவரத்து முழுவதும் பொதிமாடுகளையே நம்பியிருந்தது. மாடுகளை வரிசையாக ஓட்டிச்செல்லும் 'தவளம்' எனப்பட்ட இவ்வணிகக் கூட்டங்களை நடத்தியோருள் முஸ்லிம்களே முதன்மை பெற்றனர். பாக்கை ஏற்றிக் கரைக்குச் செல்லுதல், உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றித் திரும்புதல், இடைவழிக் கிராமங்களிலே பண்டமாற்றுச் செய்தல் என்பன அவர்களின் தொழிலாயின.

கண்டி அரசு தொழிலடிப்படையில் மக்களைப் 'பத்த' என்னும் திணைக்களங்களாக வகுத்திருந்தது. சாதியமைப்போடு பிணைந்த அவ்வொழுங்கினுள் சாதியற்ற முஸ்லிம்களுக்கு இடமளித்தது 'மடிகே பத்த' என்னும் போக்குவரத்துத் திணைக்களமாகும். அரசனின் தானியத்தையும் பாக்கையும் குறித்த காலத்திற் பொதிமாடுகளில் ஏற்றிச்செல்லுதல் அதைச் சேர்ந்தோரின் இராசகாரியம். அதற்கு ஈடாக அவர்கள் நிலம் பெற்றனர். வந்தேறிய வணிகன் காணிக்காரனானது இவ்வாறே. கரையோரச் சோனகருக்கும் கண்டிச் சோனகருக்குமிடையே உள்ள அடிப்படை வேறுபாடும் இதுவே எனலாம். முன்னவர் பட்டினத்திலே தமக்கெனத் தெருக்களும் பள்ளிகளும் கொண்டு செறிந்து வாழ்ந்தனர். பின்னவர் வயலும் தோட்டமும் பெற்றுச் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்ந்தனர்.

ஒல்லாந்தருடன் 1766 பெப்ரவரியில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின் கண்டி தன் கரையோரம் அனைத்தையும் இழந்தது. ஒரு பிடி உப்புக்கும் அந்நியரின் தயவை நாடும் நிலை வந்தது. இந்நிலையில் எல்லைக் கடவத்தைகளைக் கடந்து இரு ஆட்சிப்புலங்களிலும் நடமாடக்கூடிய முஸ்லிம் வணிகரின் முக்கியத்துவம் மேலும் உயர்ந்தது. அவர்கள் பொதியோடு செய்தியையும் சுமந்தனர். ஒல்லாந்தர் தம் ஆட்சிப்பகுதியிலே முஸ்லிம்கள்மீது ஊழியக் கட்டாயத்தையும் வணிகத் தடைகளையும் சுமத்தி வந்தமையால் அவர்களின் மனம் இயல்பாகவே கண்டியைச் சார்ந்திருந்தது.

வணிகத்தோடு மருத்துவத்தையும் குறிப்பிடல் வேண்டும். அரண்மனையின் மருந்துச் சாலையான 'பெஹெத்கே'யில் பணிபுரிந்த முஸ்லிம் மருத்துவக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மன்னர்கள் சன்னஸ் வழங்கினர். நாற்கோறளையின் கெட்டபேரியாவைச் சேர்ந்த கோபாலக் குடும்பம் இவற்றுட் புகழ்பெற்றது. கீர்த்திஸ்ரீ இராசசிங்கனுக்கு எதிராக 1760 இல் பிரதானிகளும் பிக்குமார் சிலரும் கூடிச் சூழ்ச்சி செய்தபோது அதனை மன்னனுக்கு அறிவித்தோருள் கோபால முதலி என்னும் சோனகரும் ஒருவர். சைவ நாயக்கர் வழிவந்து பௌத்த அரியணையில் வீற்றிருந்த மன்னன், தன்னைப்போலவே பெரும்பான்மைக்குப் புறம்பான ஒருவரின் விசுவாசத்தாற் காக்கப்பட்டான். தலைநகரிலே உள்நாட்டுப் பலமற்ற இருவர் ஒருவரையொருவர் நாடுதல் வியப்பன்று.

பௌத்த நிறுவனங்களோடும் இம்மக்களின் உறவு நெருங்கியதாயிருந்தது. விகாரை, தேவாலய நிலங்களைப் பயிரிட்ட முஸ்லிம் குடியானவர் அதற்கீடான சேவைகளை அந்நிறுவனங்களுக்கு ஆற்றிவந்தனர். குருநாகல் பகுதியிலுள்ள ரிதி விகாரையின் பிக்குமார் இரம்புக்கந்தனையில் வாழ்ந்த முஸ்லிம் குடிகளின் லெப்பையைப் பேணுவதற்காக விகாரை நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுத்தமை ஆய்வாளரால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தியாகும். தம் நிலத்தில் உழைப்போருக்குத் தொழுகை நடத்த ஒருவர் வேண்டும் என்பதைப் பிக்குமார் உணர்ந்திருந்தனர்; லெப்பை இல்லாத ஊரில் முஸ்லிம் குடிகள் நிலைக்கமாட்டார்கள் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வாறு சிதறி வாழ்ந்தும் அவர்கள் சிங்களவரோடு ஒன்றாகக் கலந்துவிடாதது ஏன் என்பது தமிழ் மாணவரின் கருத்தைச் சிறப்பாக ஈர்க்க வேண்டிய வினாவாகும். கெதர, லாகே என முடியும் சிங்களக் குடும்பப் பெயர்களை அவர்கள் ஏற்றனர். வயலிலும் சந்தையிலும் சிங்களமே பேசினர். சிங்களப் பெண்கள் மணவழியாகக் குடும்பங்களில் இணைந்தனர். ஆயினும் வீட்டு மொழி தமிழாகவே நின்றது. இதற்கு லெப்பையே காரணர் எனலாம். மார்க்கக் கல்வி காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் தொடர்போடு தமிழிலும், அரபெழுத்தில் எழுதப்பட்ட அரபுத்தமிழிலும் வந்தது. தொழுகையின் மொழி அரபாயினும் அதனை விளக்கிய மொழி தமிழ். பிற்காலத்தில் கண்டிப் பகுதி அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைத் தமிழுக்குத் தந்ததும், 1838 இல் கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தமிழில் தொடங்கியதும் இவ்வடித்தளத்தின் மீதேயாம்.

இன மூலம் பற்றிய விவாதத்தை இவ்விடத்தில் ஒருவாறு தொட்டுச்செல்லலாம். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வாதிட்டதும், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதனை மறுத்து அராபிய மூலத்தை நிலைநாட்ட முயன்றதும் பலரும் அறிந்தவை. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது 1889 இல் என்பதை நினைவுகூர்ந்தால் அவ்விவாதத்தின் வெப்பம் எங்கிருந்து வந்ததென விளங்கும். அராபியத் தந்தையர், தென்னிந்திய மரக்காயர், சிங்களத் தாயர் ஆகிய மூவகையினரும் கலந்த மலைநாட்டுக் குடும்பங்களுக்கு இவ்விரு கூற்றுகளும் முழுமையாகப் பொருந்தா. தவளத்தோடு வந்தவனின் பாட்டன் எவ்வூரான் என்பதைவிட அவன் ஏன் திரும்பிப் போகவில்லை என்பதே வரலாற்று மாணவனுக்குப் பயன் தரும் வினா.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னனின் இடத்தில் அமர்ந்த ஆங்கில அதிகாரிகள் முஸ்லிம்கள்மீது மன்னனுக்கிருந்த உறவைத் தாமும் பெறலாமெனக் கருதினர். வெல்லசையிலே ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்து, அப்பகுதி முஸ்லிம்களைச் சிங்களப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து பிரித்தனர். மன்னன் காலத்தில் முஸ்லிம்கள் பெற்ற சலுகைகள் யாவும் நாட்டின் அமைப்புக்குள்ளேயே அமைந்தவை. திசாவையின் அதிகாரத்தை அவை முறிக்கவில்லை. ஆங்கிலேயரின் நியமனமோ அதனை வெளிப்படையாகவே முறித்தது. பிரதானிகளின் சினம் பொங்கியது. 1817 இல் ஊவாவிற் கிளர்ச்சி வெடித்தபோது அதன் முதற்பலிகளுள் ஒருவரானார் ஹஜ்ஜி மரிக்கார். கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் பலவுண்டு என்பது உண்மையே. எனினும் கண்டிச் சோனகரைச் சிங்களப் பிரதானிகளுக்கெதிராக அரசொன்று நிறுத்தியது இதுவே முதன்முறை எனலாம்.

பின்னர் வந்த மாற்றங்கள் அமைதியாகவே நிகழ்ந்தன. ஆனால் அவை ஆழமானவை. கொழும்பு-கண்டி வீதி 1820களில் அமைக்கப்பட்டது. வண்டிகள் வந்தன, 1867 இல் புகையிரதமும் வந்தது. தவளம் படிப்படியாக மறைந்தது. மடிகே பத்தவை வேண்டிநின்ற அரசும் இல்லை, இராசகாரியமும் இல்லை. கரையோர முஸ்லிம்களுக்கென 1806 இல் தொகுக்கப்பட்ட சட்டம் 1852 ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் கண்டி மாகாணங்களுக்கும் விரிக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களைத் தொடர்ந்து தென்னிந்தியாவிலிருந்து புதிய முஸ்லிம் வணிகர் கண்டி, கம்பளை நகர்களுக்கு வந்து கடைகள் திறந்தனர். கரையோரச் சோனகர் அல்லது ஹம்பயா எனச் சிங்களவர் அழைத்த இவர்களுக்குக் கிராமத்தோடும் விகாரையோடும் நிலத்தோடும் எவ்விதப் பழைய பிணைப்பும் இல்லை. சிங்களக் கிராமவாசி இவர்களை அறிந்தது கடன் கொடுப்போராகவும் சில்லறைக் கடைக்காரராகவுமே.

கம்பளையில் வல்லஹகொடை தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடந்து செல்லும்போது மேளமொலிக்கலாமா என்ற பிணக்கு எழுந்தது இச்சூழலிலேதான். பள்ளிவாசல் இப்புதிய வணிகருடையது. தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே 1815 உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரையைக் காட்டி வழக்குத் தொடுத்தார். அவ்வுறுப்புரை பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக உறுதியளித்தது. கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்தவர் போல் ஈ. பீரிஸ். போர்த்துக்கேயர் கால வரலாற்றை எழுதியவரே அவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1914 யூன் 4 ஆம் திகதி அவர் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு வெசாக் நாளாகிய மே 28 ஆம் திகதி இரவு கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலின் முன் தொடங்கிய கலவரம் சில நாட்களுள் மேல் மாகாணம்வரை பரவியது. கலவரக்காரர் புதிய வணிகரையும் பழைய கண்டிச் சோனகரையும் வேறுபிரித்துப் பார்க்கவில்லை. ஒருகாலத்தில் காணியுடைய குடும்பம் ஒவ்வொன்றும் சோனகரின் தலத்துக்கு ஒரு பணம் செலுத்திய அதே நகரத்தில், இராணுவச் சட்டத்தின் காவலின் கீழேயே கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன.